மூச்சை எண்ணிய கதை

என் பீரோவில் அப்பாவின் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் ஒன்று இருக்கிறது. சாவி கொடுத்தால் இன்றும் ஓடும். பெண்கள் கட்டும் சின்னக் கடிகாரம் அல்ல, ஆண்கள் கட்டுவது. பெரிய வட்டம், நொடி முள் பளிச்சென்று தெரியும். என் வேலைக்காலத்தின் பிற்பாதி முழுக்க அதைத்தான் கட்டினேன். "என்ன நர்சம்மா, வீட்டுக்காரர் வாட்ச்சா?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்த நொடி முள்ளுக்காகக் கட்டுகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

போன மாதம் என் பேரனுக்குச் சளி பிடித்திருந்தது. இரண்டு வயதுப் பிள்ளை. மருமகள் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை அவன் விரலில் மாட்டிப் பார்த்தாள். பெரியவர்களுக்கான கருவி சின்ன விரலில் சரியாக உட்காராது; 88 என்றது, பிறகு 97 என்றது, பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவன் தூங்கட்டும் என்று காத்திருந்து, சட்டையை மேலே தூக்கிவிட்டு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். "என்ன அத்தை பண்றீங்க?" என்றாள். 32 வந்தது. பயமில்லை என்றேன். அது எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவளுக்கு அன்று பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களில் பலர் கிராமத்தில் பிள்ளை பெற்றவர்கள், வளர்த்தவர்கள். உங்களுக்கும் இதில் சில நினைவு வரும்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தது 1981இல், தர்மபுரி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஒன்றியம் ஒன்றில். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்று கணக்கு. காகிதத்தில் 5,000 பேர். கால் நடையில் ஐந்து கிராமம், அதைச் சுற்றி ஏழெட்டுக் கொட்டாய். ஆரம்ப சுகாதார நிலையம் 14 கிலோமீட்டர் தள்ளி. 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பதெல்லாம் 80களில் மெல்ல மெல்லத்தான் வந்தது. அதற்கு முன்பு ஒன்றியத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். 1946இல் போர் குழு அறிக்கை கொடுத்து, 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு இந்த நிலையங்களை ஆரம்பித்தார்கள் என்று பயிற்சியில் மனப்பாடம் செய்திருந்தோம். ஆரம்பித்து முப்பது வருடம் ஆகியும் எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று நடை பஸ்தான்.

என் தோல்பையில் அப்போது இருந்தவை இரும்புச்சத்து மாத்திரை, பாராசிட்டமால், பிரசவத்துக்கான கத்தரியும் நூலும், ஜென்ஷியன் வயலெட், கொஞ்சம் இருமல் மருந்து. கிருமியைக் கொல்லும் மருந்து ஒன்றுகூடக் கிடையாது. அது டாக்டர் கையால் மட்டும் கொடுக்க வேண்டியது. மாதக் கூட்டத்தில் எங்களைக் கேட்பது குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை எத்தனை பிடித்தாய் என்பது. எத்தனை பிள்ளை செத்தது என்பதற்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

குழந்தைகளுக்கு வரும் நிமோனியாவை ஊரில் யாரும் அந்தப் பெயரில் சொல்லமாட்டார்கள். மார்ச்சளி என்பார்கள், கணை என்பார்கள், மாந்தம் என்பார்கள். மேல்மூச்சு வாங்குது என்பார்கள். வசம்பு சுட்டு நாக்கில் தடவுவார்கள். ஜாதிக்காயும் மாசிக்காயும் சுக்கும் இழைத்து உரை மருந்து கொடுப்பார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கடைசியில் சூடு. விரலி மஞ்சளை எரித்தோ, வளையல் துண்டைக் காய்ச்சியோ பிள்ளையின் வயிற்றில், நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு இழுப்பு. நான் தூக்கிப் பார்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் வயிற்றில் அந்தத் தழும்பு இருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

அந்தப் பாட்டிகளிடம் நான் நிறைய சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. சூடு வைத்த இடம் தப்பில்லாமல் ஒரே இடம். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுமே, அந்த இடம். "குழி விழுது பாத்தியா" என்று ஒரு பாட்டி எனக்குக் காட்டியிருக்கிறாள். எனக்கு அது என்னவென்று அப்போது தெரியாது. பார்க்க வேண்டிய இடத்தை அவள் பார்த்திருக்கிறாள்; கையில்தான் மருந்து இல்லை. படித்த என் கையில் மருந்தும் இல்லை, எங்கே பார்ப்பது என்றும் தெரியாது.

1983 ஐப்பசி. விடாத மழை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு கொட்டாயிலிருந்து கூப்பிட்டார்கள். எட்டு மாதப் பெண் குழந்தை. தாய்க்குப் பத்தொன்பது, இருபது வயதிருக்கும், முதல் பிள்ளை. மூன்று நாளாக இருமல். மழைக்குக் குளிரக்கூடாது என்று துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல். மூக்கு அடைத்திருந்தது. வேகமாகத்தான் மூச்சு விட்டது. ஆனால் காய்ச்சல் அடிக்கிற பிள்ளை வேகமாகத்தானே மூச்சு விடும்? துணியை விலக்கிப் பார்க்கவில்லை. கடைசி பஸ் போயிருந்தது. கால் மாத்திரை பாராசிட்டமால் கரைத்துக் கொடுத்துவிட்டு, "சளிதான், காலையில முத பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி போயிடுங்க" என்று சொல்லி வந்தேன். முதல் பஸ் ஏழு மணிக்கு. குழந்தை நாலு மணிக்கே போய்விட்டது.

பதிவேட்டில் இறப்புக் காரணம் என்ற இடத்தில் "காய்ச்சல்" என்று எழுதினேன். அப்போதெல்லாம் அப்படித்தான் எழுதுவோம். இதை நான் இவ்வளவு காலம் யாரிடமும் பேசியதில்லை. என்னை யாரும் குறை சொல்லவுமில்லை. அந்தத் தாய் உட்பட. ஆனால் சாதாரணச் சளிக்கும் உயிரைப் பறிக்கும் சளிக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்திருந்தால், அந்த ராத்திரியே கட்டை வண்டி கட்டச் சொல்லியிருப்பேனே என்ற எண்ணம் போகவே இல்லை.

வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள், அதே வருடங்களில். எனக்கு அது தெரிய இன்னும் பத்து வருடம் ஆனது.

முதல் ஊர் கொரோக்கா. பப்புவா நியூ கினியாவின் மலைப்பகுதியில் உள்ளது. அங்கே பிள்ளைகள் நிமோனியாவில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஃபிராங்க் ஷான் என்ற ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர் அங்கே வேலை செய்தார். அந்தக் காலத்தில் வசதியான நாடுகளில், குழந்தை நிமோனியா பெரும்பாலும் வைரஸால் வருவது, கிருமிக்கொல்லி மருந்தால் பெரிய பயனில்லை என்ற எண்ணம் இருந்தது. ஷானும் கூட்டாளிகளும் நோயாளிக் குழந்தைகளின் நுரையீரலிலிருந்தே ஊசியால் துளி நீர் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் பாக்டீரியா இருந்தது. நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்ஸா என்ற இரண்டும் முக்கியமானவை. அதாவது மலிவான மருந்தால் காப்பாற்றக்கூடிய பிள்ளைகள்தான் செத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் யாருக்கு மருந்து கொடுப்பது? மலைக் கிராமத்தில் எக்ஸ்ரே கிடையாது. ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சில் கேட்கும் சத்தத்தைப் பிரித்தறிய டாக்டருக்கே வருடங்கள் ஆகும். எனவே காதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்ப்பதை எடுத்துக்கொண்டார்கள். இருமல் உள்ள குழந்தை நிமிடத்துக்கு 50 தடவைக்கு மேல் மூச்சு விட்டால் மருந்து கொடு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே வாங்கினால் ஆஸ்பத்திரியில் சேர். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வந்தது. எட்டாம் வகுப்புப் படித்த ஒருவரும் செய்யக்கூடிய சோதனை.

காரணம் எளிது. கிருமி தாக்கிய நுரையீரல் விறைத்துப்போகும். ஒரு மூச்சில் போதிய காற்று உள்ளே போகாது. குழந்தை சின்னச் சின்னதாக, வேகமாக மூச்சு விட்டு ஈடுகட்டும். இன்னும் விறைத்தால் வேகம் போதாது, பலம் போட்டு இழுக்க வேண்டும். அப்போதுதான் விலாவுக்குக் கீழே குழி விழும். அதற்கும் மேலே போனால் பிள்ளை களைத்துப்போய் மூச்சின் வேகம் குறையும். இதுதான் ஏமாற்றும் கட்டம். "இப்பக் கொஞ்சம் அமைதியா இருக்குங்க" என்று தாய் சொல்லும்போது உண்மையில் கை மீறிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை மட்டும் பார்க்காதே, குழி விழுகிறதா என்று முதலில் பார் என்பது அதற்காகத்தான்.

இரண்டாவது ஊரைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். வேலூர். எங்கள் ஒன்றியத்திலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். சி.எம்.சி. மருத்துவமனையில் தாமஸ் செரியன், டி.ஜேக்கப் ஜான், எரிக் சிமோஸ் முதலானவர்கள் கொரோக்கா விதியை நம் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். நிஜமாகவே நுரையீரலில் நோய் உள்ள பிள்ளைகளையும் வெறும் மேல்சளி உள்ள பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 சரி, ஆனால் ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 50 என்று வைத்தால் பலரைத் தவறவிடுவோம், 40 என்று வைக்க வேண்டும் என்று தெரிந்தது. 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இதுவும் வேறு சில நாடுகளின் ஆய்வுகளும் சேர்ந்துதான் 60, 50, 40 என்ற கணக்கு உலகம் முழுவதற்கும் வந்தது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. உலகத்தில் எந்த மூலையில் ஒரு செவிலியர் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு 40 என்று எண்ணினாலும் அதில் வேலூர் வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் நின்ற நம் பிள்ளைகளின் பங்கு இருக்கிறது. இதைப் பயிற்சியில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஓய்வு பெற்றபின் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது ஊர் மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி. இது வேறு கேள்விக்குப் பதில். நிமோனியாவைக் கண்டுபிடிக்க வழி கிடைத்துவிட்டது; மருந்தை யார் கொடுப்பது? டாக்டர் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. அபய் பங்க், ராணி பங்க் என்ற டாக்டர் தம்பதி 80களின் கடைசியில் 58 கிராமங்களில் ஒரு காரியம் செய்தார்கள். ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கும் பயிற்சி கொடுத்து, கோட்ரைமாக்சசோல் மாத்திரையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் 612 நிமோனியாக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். நூற்றுக்கு ஒரு குழந்தைகூடச் சாகவில்லை, 0.8 சதவீதம். இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்துக் கிராமங்களில் நிமோனியா வந்த பிள்ளைகளில் 13.5 சதவீதம் செத்திருந்தார்கள். 1990இல் இதுவும் லான்செட்டில் வந்தது.

அந்த மருத்துவச்சிகளுக்கு 50 வரை எண்ணத் தெரியாது. அதற்கும் பங்க் ஒரு வழி செய்தார். ஒரு நிமிடம் ஓடும் மணல் கடிகாரம். பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் இறங்கி முடிவதற்குள் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் நிமோனியா. எனக்கு இதைப் படித்தபோது எங்கள் ஊர் மருத்துவச்சிப் பாட்டி ஞாபகம் வந்தாள். அவளுக்கும் எண்ணத் தெரியாது. ஆனால் ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை. அவள் கையில் அந்த மணிக்கம்பியைக் கொடுத்திருந்தால் என்னைவிட நன்றாகப் பார்த்திருப்பாள்.

நம் அரசாங்கம் 1990இல் 14 மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கி, 1992இல் குழந்தைகள் உயிர்காப்பு மற்றும் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் இதைச் சேர்த்தது. எங்களுக்குப் பயிற்சி 1993இல். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்து, வாடகைக்கு எடுத்த டி.வி.யும் டெக்கும் வைத்துப் படம் காட்டினார்கள். சினிமா இல்லை. திரை முழுக்க ஒரு குழந்தையின் வயிறு. அது மேலே கீழே போகும், நாங்கள் எண்ண வேண்டும். முதல் தடவை அறையில் இருந்த இருபது பேருக்கும் இருபது எண்ணிக்கை. எனக்கு 44, பக்கத்தில் இருந்த அக்காவுக்கு 61. சரியான விடை 52. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் வேலை சுலபம் என்று ஒருத்தி சொன்னதற்குப் பயிற்சியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. சின்னக் குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. வேகமாக நாலு விடும், நிறுத்தும், மறுபடி விடும். முழு நிமிடம் எண்ணித்தான் ஆக வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு நொடி முள் உள்ள கடிகாரமே இல்லை. அன்று சாயங்காலம்தான் அப்பாவிடம் போய் அவர் கடிகாரத்தைக் கேட்டேன்.

பயிற்சியின் மூன்றாம் நாள் வந்து பேசிய ஒரு டாக்டர், "இன்னிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பீங்க, நாளைக்கு ஆபரேஷனும் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பயத்தில் நியாயம் இல்லை என்றும் சொல்லமாட்டேன். மருந்தைக் கண்டபடி கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்பதைப் பிறகு கண்ணால் பார்த்தோம். ஆனால் அவர் நிலையத்தை விட்டுப் பகல் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைகளுக்கு ஒரு மணிக்கு மேலும் மூச்சு முட்டும்.

துணை நிலையத்துக்கு மருந்துப் பெட்டி வந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வைட்டமின் ஏ, இரும்புச்சத்து, கூடவே குழந்தைகளுக்கான சின்னக் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை வேளைக்கு இரண்டு, ஒரு வயதுக்கு மேல் மூன்று, காலையும் மாலையும், ஐந்து நாள். நம் தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். அதற்கு முன்பு நிமோனியா என்றால் புரோக்கெயின் பென்சிலின் ஊசி. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்கவைத்து, டெஸ்ட் டோஸ் போட்டு, அரை மணி காத்திருந்து, பிறகு ஊசி. ஐந்து நாளும் பஸ் ஏறி வர வேண்டும். கூலி வேலை செய்யும் தாய் இரண்டாம் நாளோடு நின்றுவிடுவாள். அதற்கும் முந்தைய காலத்தில் எம். அண்ட் பி. 693 என்ற சல்ஃபா மாத்திரை. 1938இல் வந்தது, 1943இல் சர்ச்சிலுக்கு நிமோனியா வந்தபோது அதைத்தான் கொடுத்தார்கள். இங்கிலாந்துப் பிரதமருக்குக் கிடைத்த மாத்திரையின் அடுத்த தலைமுறை எங்கள் கொட்டாய்க்கு வர ஐம்பது வருடம்.

முதல் பிள்ளை நன்றாக நினைவிருக்கிறது. பத்து மாதப் பையன். என்னைப் பார்த்ததும் ஊசிக்காரி வந்துவிட்டாள் என்று வீறிட்டான். அழுகிற குழந்தையை எண்ணக்கூடாது. திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அவன் பால் குடித்துத் தூங்க முக்கால் மணி நேரம். சட்டையைத் தூக்கி எண்ணினேன், 58. நம்பிக்கை இல்லாமல் மறுபடி எண்ணினேன், 57. குழி இல்லை. பால் குடிக்கிறான். இரண்டு மாத்திரையைக் கரண்டியில் பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்து, முதல் வேளையை நானே கொடுத்தேன். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு தாளில் ஐந்து சூரியன், ஐந்து நிலா வரைந்து, கொடுத்ததும் ஒவ்வொன்றாகக் கரியால் அடித்துக்கொண்டே வா என்றேன். மூன்றாம் நாள் காலையில் போனபோது என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தை யாராவது எண்ணியிருக்கலாம். பையன் திண்ணையில் உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டிருந்தான். 38. தாளில் இரண்டு சூரியனும் இரண்டு நிலாவும் கரியாகியிருந்தன. மிச்சமும் கொடு, காய்ச்சல் போனதும் நிறுத்திவிடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு, வரும் வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

எல்லாம் இப்படி முடியவில்லை. குழி விழுந்த ஒரு பிள்ளையை, விடிகாலையில் வந்த பால் வண்டியை மறித்து ஏற்றிக்கொண்டு போனேன், பிழைத்தது. இன்னொன்றை வீட்டார் அனுப்பவில்லை, பிழைக்கவில்லை. ஒரு பையனுக்கு மூன்று மாதத்தில் நாலு தடவை மாத்திரை கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் 50க்கு மேல். கடைசியில் அது நிமோனியாவே இல்லை, இழுப்பு, ஆஸ்துமா என்று தெரிந்தது. இந்தக் கணக்கின் பெரிய ஓட்டை அதுதான். இழுப்பு வந்த பிள்ளையும் வேகமாகத்தான் மூச்சு விடும். எண்ணிக்கைக்கு வித்தியாசம் தெரியாது. தேவையில்லாமல் மருந்து வாங்கிய பிள்ளைகள் என் கையிலேயே எத்தனை பேரோ. சாகவிடுவதைவிட அதிகமாகக் கொடுப்பது மேல் என்ற கணக்கில்தான் அந்த விதியையே வைத்தார்கள். நானும் அதே கணக்கைத்தான் போட்டேன்.

மருந்து தீர்ந்துபோகும் மாதங்களும் இருந்தன. 1994இல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வந்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் வங்கிப் பாஸ்புத்தகம் போல ஒன்று கொடுத்து மருந்து எடுக்கச் சொன்ன பிறகு ஆரம்ப சுகாதார நிலைய அலமாரி காலியாக இருந்த நாட்கள் குறைந்தன. நம் மாநிலத்தில் பெரிதாகப் பேசப்படாத நல்ல காரியங்களில் அது ஒன்று. பிறகு கோட்ரைமாக்சசோலுக்குக் கிருமிகள் பழகிக்கொண்டன. அதன் இடத்துக்கு அமாக்சிசிலின் வந்தது, தண்ணீரில் கரையும் மாத்திரையாக. பாகிஸ்தானில் செய்த ஆய்வுகளில், குழி விழுந்த பிள்ளைகளில்கூட வேறு ஆபத்து அறிகுறி இல்லாதவர்களை வாய் வழி அமாக்சிசிலின் கொடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று தெரிந்து, 2014இல் உலக சுகாதார நிறுவனம் விதியையே மாற்றியது. நாங்கள் பால் வண்டியை மறித்ததெல்லாம் வீணா என்று தோழி ஒருத்தி கேட்டாள். வீணில்லை, அப்போது எங்களிடம் இருந்தது அந்த மாத்திரை இல்லை. பால் குடிக்க முடியாத, வலிப்பு வந்த, எழுப்பினாலும் கண் திறக்காத பிள்ளைக்கு இன்றைக்கும் ஆஸ்பத்திரிதான், ஆக்சிஜன்தான். 2019 நவம்பரில் மத்திய அரசு, இந்தியில் மூச்சு என்று பொருள்படும் பெயரில் ஒரு நிமோனியாத் திட்டம் தொடங்கியது. அதே வருடம் உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவில் இறந்தார்கள்.

ஆனால் எண்ணுவதற்கு முன்பே தடுப்பதுதானே மேல். கொரோக்காவில் ஊசியால் எடுத்த துளியில் இருந்த இரண்டு கிருமிகளுக்கும் இன்று தடுப்பூசி இருக்கிறது. நியூமோகாக்கஸுக்கு உள்ளது தமிழ்நாட்டில் 2021இல் அரசுத் திட்டத்தில் வந்தது. நான் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். மற்றதற்கு உரியது ஐந்து நோய்க்குச் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அதைத் தொடங்கினார்கள். நான் அப்போது பகுதி சுகாதார செவிலியர். பழைய துணை நிலையமும் என் மேற்பார்வையில் இருந்தது.

2012இல் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். வரிசையில் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண் ஒன்றரை மாதக் குழந்தையோடு நின்றாள். மகன் வீட்டுப் பேத்தியாம். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

"இது புது ஊசியா நர்சம்மா?"

"ஆமா. அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, மஞ்சக் காமாலை..." கொஞ்சம் நிறுத்தினேன். "மார்ச்சளிக்கும் சேத்து."

"அப்ப இதெல்லாம் இல்லையா?"

"இல்லம்மா. அப்ப இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். குழந்தையின் இடது காலை விரித்து, அசையாமல் பிடித்து, என் பக்கம் நீட்டினாள்.